மனச்சோர்வு வினாத்தாளின் தமிழ்ப் படி: ராமநாதபுரம் கடலோரத்தில் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் முறை

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) வினாத்தாளில் ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 0 முதல் 27 வரை வரும். 10-ம் அதற்கு மேலும் வந்தவரை மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். 2001-இல் ஆங்கிலத்தில் வந்த இந்தத் தாளை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். தமிழ்ப் படிகளும் கிடைக்கின்றன. ஆனாலும் நகரத்து மருத்துவமனையில் நன்றாக ஓடிய படி தங்கச்சிமடத்திலும் வாலிநோக்கத்திலும் அதே மாதிரி ஓடும் என்று நம்பி இறங்கக் கூடாது. நம்பகத்தன்மை, அதாவது திரும்ப அளந்தாலும் எண் மாறாமல் நிற்பது, தாளோடு சேர்ந்து அச்சாகி வருவதில்லை. யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எந்த நாளில் கேட்கிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. இந்தக் கரையில் அந்த மூன்றில் அதிகம் கெடுப்பது நாள்தான்.

சொற்களைக் கெட்டிப்படுத்துங்கள்

எண்களுக்குப் போகும் முன் எட்டுப் பத்துப் பேரிடம் தாளை வாசித்துக் காட்டி, "இந்தக் கேள்விய உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். படகுக்குப் போகிறவர், மீன் விற்கும் பெண், மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண், மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் என எல்லாரும் அதில் இருக்க வேண்டும். முகாமில் பேசும் தமிழ் வேறு. அங்கே புரியாத ஒரு சொல் பாம்பனில் புரிந்துவிடும் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

'மனச்சோர்வு' என்று எழுதினால் பலருக்கு உடம்பு அசதிதான் நினைவுக்கு வரும். அப்படி வந்தால் இரண்டாம் கேள்வியும் களைப்பைக் கேட்கும் நான்காம் கேள்வியும் ஒன்றாகிவிடும். "மனசு பாரமா இருக்கு", "எல்லாம் வெறுத்துப்போச்சு" என்பவை பிடிபடும். ஏழாம் கேள்வி கவனம் சிதறுவதைப் பற்றியது. மூலத்தில் செய்தித்தாள் படிப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும் உதாரணம். செய்தித்தாள் படிக்காதவரிடம் வலை பின்னும்போது கண்ணி தவறிப்போகிறதா என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். மூன்று, ஐந்து, எட்டு ஆகிய கேள்விகளில் நேரெதிரான இரண்டு குறிகள் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன: தூக்கம் வராமை, அதிகத் தூக்கம், பசியின்மை, அளவுக்கு மீறிச் சாப்பிடுதல், மந்தமாவது, நிலைகொள்ளாமல் தவிப்பது. வாய்மொழியாகக் கேட்கும்போது பின்பாதிதான் காதில் நிற்கும். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு மூச்சு நிறுத்தி வாசிக்கக் கேட்பவர்களைப் பழக்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு தாளைப் பூட்டிவிட வேண்டும். சோதனை நடக்கும்போது ஒரு சொல்லை மாற்றினாலும் அதுவரை எடுத்தது வேறு தாளின் தரவு.

பதினான்கு புளியங்கொட்டை

மூலத்தில் பதில்கள் நான்கு: இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். "பாதி நாளுக்கு மேல" என்பதைப் பலரும் 'பகலில் பாதி நேரம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பதினான்கு புளியங்கொட்டை போதும். திண்ணையில் வரிசையாக வைத்து, "இது நேத்து, இது முந்தாநாள்" என்று கடைசி வரை விரலால் காட்டுங்கள். பிறகு, "மனசு பாரமா இருந்த நாளை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தள்ளிய கொட்டையை எண்ணி மதிப்பெண் போடுவது உங்கள் வேலை. 0–1 நாளுக்கு 0, 2–6 நாளுக்கு 1, 7–11 நாளுக்கு 2, 12–14 நாளுக்கு 3 என்ற பகுப்பு அமெரிக்க முதியோர் இல்லங்களில் இதே வினாத்தாளுக்கு வழக்கத்தில் உள்ளது. நீங்கள் எந்தப் பகுப்பை எடுத்தாலும் அறிக்கையில் எழுதுங்கள்.

இரண்டு வாரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கும் ஒரு முளை அடிக்க வேண்டும். கீழக்கரையில் போன வெள்ளிக்கும் முந்தின வெள்ளித் தொழுகை, தங்கச்சிமடத்தில் போன ஞாயிறுக்கும் முந்தின ஞாயிறு பூசை என்று சொன்னால் நாள் பிசகாது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாள் பேட்டி என்றால் வேறு அடையாளமே தேவையில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பதாம் கேள்வி

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி இது. 1 என்று பதில் வந்தாலும் அன்றே என்ன செய்வது என்று முதல் பேட்டிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்: யார் கூட உட்கார்ந்து பேசுவார், மாவட்ட மனநலத் திட்டத்தில் எந்த மருத்துவருக்குத் தகவல் போகும், எந்த வண்டி. டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதை நீக்கிவிட்டு எட்டுக் கேள்விகளோடு சோதித்தால், நீங்கள் சோதிப்பது பி.எச்.க்யூ-9 அல்ல.

உள்ளிணக்கம்

இருநூறு பேரிடமாவது ஒரு தடவை கேளுங்கள். எல்லாரும் நலமாக இருந்தால் மதிப்பெண்கள் 0, 1, 2 என்று அடியிலேயே குவிந்து, எந்தக் கணக்குப் போட்டாலும் நம்பகத்தன்மை குறைவாகவே தெரியும். ஆகவே ஊருக்குள் எடுப்பவர்களோடு ஆரம்ப சுகாதார நிலையப் புறநோயாளிகளையும் சேருங்கள்.

ஒன்பது கேள்விகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்பதுதான் உள்ளிணக்கம். அதைக் காட்டும் எண்ணான கிரான்பாக் ஆல்ஃபா போடுவது எளிது. ஒன்பது கேள்விகளின் மாறுபாடுகளை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, variance) கூட்டுங்கள், மொத்த மதிப்பெண்ணின் மாறுபாட்டால் வகுங்கள், 1-இலிருந்து கழியுங்கள், 9/8 என்ற பின்னத்தால் பெருக்குங்கள். உதாரணமாக, கூட்டு 7.2, மொத்த மாறுபாடு 30 என்றால் 7.2/30 = 0.24, 1 − 0.24 = 0.76, 1.125-ஆல் பெருக்கினால் 0.855. 0.7-க்குக் கீழே வந்தால் தாளில் சிக்கல் இருக்கிறது. 0.95-ஐத் தாண்டினாலும் சந்தேகப்படுங்கள். இந்தத் தாளில் எதிர்த்திசைக் கேள்வி (நலமாக இருப்பதைக் கேட்கும் கேள்வி) ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டே போனால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். கடைசியில் வரும் 'இதனால் வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல்' என்ற கூடுதல் கேள்வியைக் கணக்கில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அது மொத்தத்தில் சேராது.

ஆல்ஃபாவோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கேள்வியும் மற்ற எட்டின் கூட்டோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். 0.3-க்குக் கீழே போகும் கேள்வி தனித்து நிற்கிறது என்று பொருள். தூக்கம் பற்றிய கேள்வி அப்படி விழுந்தால் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லும் முன், இரவில் கடலில் இருக்கும் ஆண்களைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். பெண்களிடம் ஒட்டி, அந்த ஆண்களிடம் மட்டும் விலகினால் சொல்லில் குறை இல்லை. அவர்களுக்கு, "தொழிலுக்குப் போகாத ராத்திரி படுத்தா தூக்கம் வருதா?" என்ற துணைக்கேள்வியை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கும்படி தாளிலேயே அச்சிட்டு, மறுபடி சோதியுங்கள்.

மறுசோதனை

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை கேட்டு எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி இரண்டு வாரம் வைத்தால் இரண்டு பேட்டிக்கும் பொதுவான நாள் ஒன்றுகூட இருக்காது. வேறு இரண்டு வாரத்தைப் பற்றி வேறு பதில் வருவது இயல்புதானே. மறுநாளே போனால் நேற்றுச் சொன்னதை நினைவிலிருந்து சொல்வார்கள். ஐந்து நாள் இடைவெளியில் பதினான்கில் ஒன்பது நாள் பொதுவாக இருக்கும். நான்கு முதல் ஏழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் என்று முறை வைத்துத் தொழிலுக்குப் போகிறார்கள். காலையில் புறப்படும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். கரை இறங்கிய அன்று கேட்டால் களைப்பும் தூக்கமும் 3. இரண்டு இரவு வீட்டில் தூங்கிய பிறகு கேட்டால் 1. ஆகவே இரண்டு பேட்டியும் கரையில் தூங்கி எழுந்த நாளில்தான் இருக்க வேண்டும். படகு உரிமையாளரிடம் முறைநாளைக் கேட்டு அட்டவணை போடுங்கள். பாசிக்குப் போகும் பெண்களுக்கு எந்த நாள் என்பதை நீர் வற்றுவதுதான் முடிவு செய்யும்; அதையும் அவர்களிடமே கேளுங்கள்.

பெரிய நாட்காட்டியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆள் கிடைக்க நல்ல சமயம். ஆனால் வருமானம் நின்ற காலத்து மனநிலை அது. ஒரு பேட்டி தடைக்குள்ளும் மற்றது தடை நீங்கிய பிறகும் விழக் கூடாது. நோன்பு மாதத்தில் பசியும் தூக்கமும் மாறும். தொடக்கத்தையும் பெருநாளையும் தாண்டி இடைவெளி வைக்காதீர்கள். இரண்டாம் பேட்டியில் முதலில் கேட்க வேண்டியது, "போன தடவை பார்த்ததுக்கு அப்புறம் வீட்டுல ஏதும் நடந்துச்சா?" என்பதுதான். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்திருக்கலாம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றித் தொழில் நின்றிருக்கலாம். அப்போது எண் ஏறினால் தாள் சரியாகத்தான் அளக்கிறது. அவர்களைத் தனியாகக் குறித்து, மறுசோதனைக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

ஐம்பது ஜோடியாவது தேவை. நூறு கிடைத்தால் நல்லது. பலர் இரண்டாம் தடவை கடலில் இருப்பார்கள் என்பதால் எழுபது பேரில் தொடங்குங்கள்.

கணக்குக்குச் சாதாரண ஒட்டுறவுக் கெழு (இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்ற அளவு, correlation) போதாது. காரணம், முதல் தடவை பயத்தில் குறைத்துச் சொல்வதை அது காட்டாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்த ஊரின் பெயர் இன்னும் மனநோயோடு சேர்ந்தே பேசப்படுகிறது. வாசலில் போய் 'மனநலம்' என்றதும் பயந்து முதல் தடவை குறைத்துச் சொன்னவர், பழகிய பிறகு உள்ளதைச் சொல்வார். எல்லாருக்கும் 3 கூடினால் ஒட்டுறவுக் கெழு 1 என்றே காட்டும். மாற்றம் கண்ணுக்கே படாது. எண்களே ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவை (ICC) 'முழு உடன்பாடு' வகையில் போட்டால் அது பிடிபடும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் 'சைக்' (psych) தொகுப்பு இதைச் செய்யும். 0.75-க்கு மேல் நல்லது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில், மாமியாரும் பக்கத்து வீட்டாரும் காதுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது பேசுங்கள்.

கேட்பவர் மாறினால்

தாளை வாசித்துக் காட்டுகிற இடத்தில் கேட்பவரும் கருவியின் ஒரு பகுதி. முப்பது நாற்பது பேட்டிகளுக்கு இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் கேட்க, இருவரும் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் மதிப்பெண் போடட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எடையிட்ட கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த பிறகு மிஞ்சும் உடன்பாடு, kappa) போடுங்கள். ஒன்பதாம் கேள்வியில் மட்டும் எண்ணைக் கண்டு பதறாதீர்கள். உதாரணமாக, 60 பேரில் 57 பேருக்கு இருவரும் 'இல்லை', ஒருவருக்கு இருவரும் 'உண்டு', இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பக்கம் கருத்து வேறுபாடு என்றால் உடன்பாடு 96.7 விழுக்காடு, கப்பாவோ 0.48 மட்டுமே. ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியில் கப்பா இப்படித்தான் சரியும். இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

எண்ணை மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோக

மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் (மாறுபாட்டின் வர்க்கமூலம்) 5.5, மறுசோதனையில் வந்த உள்வகுப்புக் கெழு 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து கெழுவைக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 5.5-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 2.2. இதை 1.96-ஆலும் 1.414-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 6. ஒருவருடைய எண் ஆறுக்கும் குறைவாக மாறியிருந்தால் மருந்து கேட்டது என்றோ நோய் முற்றியது என்றோ அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 9 வாங்கியவரும் 11 வாங்கியவரும் இந்தத் தாளின் கண்ணுக்கு ஒருவரே. ஆகவே மருத்துவ முகாமில் 8, 9 வந்தவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாமல் பெயரையும் முறைநாளையும் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அவர் கரையில் இருக்கும் நாளில் போய் மறுபடி கேளுங்கள்.