பாம்பன் காற்றும் ஹெல்மெட் கண்ணாடியும்

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு தினமும் பைக்கில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இது. பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல். ஆடிக் காற்றில் வண்டியே ஒரு பக்கம் சாயும். இறங்கிப் பார்த்தால் ஹெல்மெட் கண்ணாடியில் உப்புப் படலம். அதை அப்படியே கைக்குட்டையால் துடைக்காதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும் (என் முதல் கண்ணாடி அப்படித்தான் போச்சு). பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள்.

பைக் செயினிலும் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துத் துருவேற்றும். வாரம் ஒருமுறை கழுவி, காயவிட்டு, செயின் ஸ்பிரே அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், மணல் அப்பும். கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு!