டிராஃப்ட் விவாதத்துக்குத் தயாராவது எப்படி: என்.எஃப்.எல். புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

வேலை நிமித்தமாக டெட்ராய்ட் பகுதிக்கு வந்து சேரும் நம்மவர்களில் பலர், ஓரிரு பருவங்களிலேயே அந்நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸின் ரசிகர்களாகிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மெல்ல மெல்லப் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் அலுவலக உணவு மேசையைச் சுற்றி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றி நடக்கும் விவாதம் மட்டும் பிடிபடுவதில்லை. எந்த இடத்துக்கு ஆள் தேவை, எந்தத் தேர்வு வீண், எந்தப் பண்டமாற்று லாபம் என்று மற்றவர்கள் வாதிடும்போது புதியவர் பேசாமல் அமர்ந்திருக்க நேர்கிறது. அப்படி அமர்ந்திருந்த காலத்தில் நான் தாளும் பேனாவுமாகக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் லயன்ஸ் அணியின் 2023 டிராஃப்ட். முறை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் 32 அணிகளுக்கும் பொருந்தும்.

முதல் படி: சட்டகத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசை முறைப்படி தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலத்தைப் போல இங்கே பணத்தைச் சொல்லி யாரும் கை உயர்த்துவதில்லை. முறை வந்த அணி ஒரு பெயரைச் சொன்னால் அந்த வீரர் அந்த அணிக்கே உரியவர். மொத்தம் ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் பிளேஆஃபுக்கு (பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு) வராத 18 அணிகள், மிக மோசமாக ஆடிய அணியிலிருந்து தொடங்கி முதலில் தேர்ந்தெடுக்கும். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்ற அணிக்குக் கடைசி இடம். ஒவ்வொரு தேர்வுரிமையையும் 'பிக்' என்பார்கள். பிக்குகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஓர் அணியின் பிக் அதன் சொந்த வரிசையில்தான் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். லயன்ஸ் 2023-இல் ஆறாவது பிக்கை வைத்திருந்ததற்குக் காரணம், 2021-இல் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கான மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களின் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபுடன் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் பெற்றதுதான்.

இரண்டாம் படி: அணியைத் தாளில் விரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பருவத்தின்போது ஓர் அணியின் ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) 53 பேர் இருப்பார்கள். பெரிய தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் ஆட்ட இடத்துக்கும் ஒரு வரிசை போடுங்கள். குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (மறிக்கவும் பிடிக்கவும் செய்பவர்), அஃபென்சிவ் லைன் (எறிபவரைக் காக்கும் முன்வரிசை) ஆகியவை தாக்கும் பக்கம். டிஃபென்சிவ் லைன் (முன்வரிசை), லைன்பேக்கர் (அதன் பின்னால் நிற்பவர்), கார்னர்பேக் (ரிசீவரை மறிப்பவர்), சேஃப்டி (கடைசி அரணாக நிற்பவர்) ஆகியவை தடுக்கும் பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அண்மைக் காயம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெயர்களை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது என்று பொருள்.

ஏன் என்பதை 2023 ஏப்ரலில் நான் எழுதிய கார்னர்பேக் வரிசையைக் கொண்டு காட்டுகிறேன். பெயர்களை மட்டும் பார்த்தால் வரிசை நிறைந்திருந்தது. கேமரன் சட்டனும் எமானுவேல் மோஸ்லியும் அந்த மார்ச்சில்தான் ஒப்பந்தமாகியிருந்தார்கள்; ஜெர்ரி ஜேக்கப்ஸ் ஏற்கெனவே இருந்தார். ஆனால் மோஸ்லியின் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. அதோடு முந்தைய அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவர். 2020-இல் மூன்றாவது பிக்காக வந்த ஜெஃப் ஒகுடாவோ அதே ஏப்ரலில் ஐந்தாம் சுற்று பிக் ஒன்றுக்காக அட்லாண்டாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தார். நிறைந்ததாகத் தோன்றிய வரிசையில் அடுத்த ஆண்டையும் தாங்கக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான் என்பது, ஆண்டையும் காயத்தையும் எழுதிய பிறகே தெரிந்தது. அந்த வரிசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

அடுத்து டைட் எண்ட் வரிசை. டி.ஜே. ஹாக்கன்சன் 2022 நவம்பரில் மின்னசோட்டாவுக்குப் போயிருந்தார். மிஞ்சியவர்கள் பிராக் ரைட், ஷேன் ஜில்ஸ்ட்ரா, ஜேம்ஸ் மிட்செல். மூவரும் அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் நன்றாகவே சமாளித்தார்கள். ஆகவே இங்கே தேவையில்லை என்று சிலர் வாதிட்டார்கள். சமாளிக்கும் மூவர் இருப்பதும், எதிரணி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒருவர் இருப்பதும் வேறு வேறு என்பதே என் கருத்து. இத்தகைய வரிசைகளுக்கு மஞ்சள் மை போதும்.

மூன்றாம் படி: தேவையைக் காலத்தால் பிரியுங்கள்

'தேவை' என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் கலந்துகிடப்பதால்தான் பெரும்பாலான விவாதங்கள் குழம்பிப்போகின்றன. இந்தச் செப்டம்பரில் களமிறங்க ஆளில்லை என்பது ஒன்று. இப்போது ஆள் இருக்கிறார், அடுத்த ஆண்டு இருக்கமாட்டார் என்பது இன்னொன்று. காயம் பட்டால் மாற்று இல்லை என்பது மூன்றாவது. உங்கள் தாளில் ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகே இது எந்த வகை என்று குறித்துவையுங்கள்.

இரண்டாவது வகையை ரசிகர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அணியின் பொது மேலாளர் அதை மறக்க முடியாது. சம்பள உச்சவரம்பு என்ற ஒன்று அவரை விடாமல் துரத்துகிறது. 2023-இல் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகை 22 கோடியே 48 லட்சம் டாலர். டிராஃப்டில் வரும் வீரருக்கு நான்காண்டு ஒப்பந்தம். சம்பளம் அவர் எத்தனையாவது பிக் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடும். முதல் சுற்று வீரரை மட்டும் ஐந்தாம் ஆண்டுக்கும் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அந்த மலிவான காலம் முடியும்போது கணக்கு தலைகீழாகிவிடும். 2021-இல் நான்காம் சுற்றில் 112-ஆவது பிக்காக வந்த ரிசீவர் ஏமன்-ரா செயின்ட் பிரவுனுக்கு, 2024 டிராஃப்ட்டுக்கு முந்தைய நாள் நான்காண்டுகளுக்கு 12 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் கிடைத்தது. அதே நாளில் அஃபென்சிவ் லைன் வீரர் பெனே சூவலுக்கும் 11 கோடியே 20 லட்சம். இப்படிப்பட்ட இரண்டு மூன்று செலவுகள் சேரும்போது, வேறு எங்கோ மலிவான இளைஞர் ஒருவர் அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும். டிராஃப்ட் தேர்வை இரண்டாண்டு முன்னோக்கிப் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நான்காம் படி: எல்லா இடங்களுக்கும் ஒரே மதிப்பு இல்லை

பந்தை எறிந்து ஆடுவதே இன்றைய ஆட்டத்தின் மையம். ஆகவே எறிபவர், அவரைக் காக்கும் டேக்கிள், அவரைத் துரத்தும் எட்ஜ் வீரர், பந்தைப் பிடிக்கும் ரிசீவர், அவரை மறிக்கும் கார்னர்பேக் ஆகியோருக்குச் சந்தையில் மிக அதிகச் சம்பளம். ரன்னிங் பேக், நடுக்கள லைன்பேக்கர், டைட் எண்ட், சேஃப்டி ஆகியோருக்குக் குறைவு.

இதில் டிராஃப்ட் எங்கே வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 12-ஆவது பிக்கில் யாரை எடுத்தாலும் சம்பளம் ஒன்றுதான். அந்தச் சம்பளத்துக்கு நல்ல எட்ஜ் வீரர் ஒருவர் கிடைத்தால், சந்தை விலையோடு ஒப்பிடும்போது அணிக்குப் பெரும் மிச்சம். அதே சம்பளத்தில் ரன்னிங் பேக்கை எடுத்தால் அவ்வளவு மிச்சம் இல்லை. 'முதல் சுற்றில் ரன்னிங் பேக்கா?' என்று அனுபவமுள்ள ரசிகர் கொதிப்பது இந்தக் கணக்கால்தான்; அந்த வீரர் மீது அவருக்குக் கோபம் ஏதுமில்லை.

ஐந்தாம் படி: பண்டமாற்றைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது உருவான மதிப்பெண் அட்டவணை ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் பிக்குக்கு 3000 புள்ளிகள். பின்னால் போகப் போகக் குறையும். புதிய அட்டவணைகள் பல வந்துவிட்டபோதிலும் தொடக்கநிலையினருக்கு இதுவே போதும்.

2023-இல் லயன்ஸ் 6, 81 ஆகிய பிக்குகளை அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகியவற்றை வாங்கியது. கொடுத்தது 1600-உம் 185-உம், ஆக 1785. பெற்றது 1200, 560, ஏறத்தாழ 24, ஆக 1784. தராசு முள் அசையவே இல்லை. இத்தகைய பண்டமாற்றை 'ஏமாந்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால், இந்தக் கூட்டலைக் காட்டுங்கள். அதன் பிறகு, கிடைத்த பிக்குகளில் யாரை எடுத்தார்கள் என்பதைப் பற்றி மட்டும் வாதிடலாம்.

ஆறாம் படி: வீரர்களை அளவோடு அறிந்துகொள்ளுங்கள்

நூற்றுக்கணக்கான கல்லூரி வீரர்களையும் படித்துவிட முயல வேண்டாம். சிவப்பு வட்டமிட்ட இடங்களுக்கு மும்மூன்று பெயர்கள் போதும். இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்திறன் சோதனையின் எண்கள் கவர்ச்சியானவை. ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ் 40 கெஜத்தை 4.36 விநாடியில் ஓடினார். ஆயினும் ஒருவரின் முழு ஆட்டம் ஒன்றைப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். பந்து அவர் பக்கம் வராத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ரன்னிங் பேக்காக இருந்தால், குவார்ட்டர்பேக்கைத் தாக்க ஓடிவருபவரை மறித்து நிற்கிறாரா என்று பாருங்கள். சிறு தொகுப்புக் காணொளிகளில் இது ஒருபோதும் தெரியாது.

ஏழாம் படி: அன்றிரவு எதைக் கேட்க வேண்டும்

லயன்ஸ் 12-ஆவது பிக்கில் கிப்ஸை அறிவித்தபோது நண்பர் வீட்டில் சட்டென்று அமைதி நிலவியது. டேவிட் மாண்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸ் இன்னும் எவராலும் எடுக்கப்படாமல் இருந்தார். 18-இல் லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெல். மறுநாள் 34-இல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 45-இல் சேஃப்டி பிரையன் பிராஞ்ச். நான்காம் படியில் சொன்ன குறைந்த மதிப்புள்ள இடங்கள் நான்கும் வரிசையாக வந்து நின்றன. நானும் அன்று கடுமையாகவே எதிர்த்தேன்.

இத்தகைய இரவில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இந்தத் தேர்வு என் தாளில் எந்த வட்டத்தை நிரப்புகிறது? இவருக்குப் பதிலாக யார் கிடைத்திருப்பார்? இவரை அடுத்த பிக் வரை காத்திருந்து எடுத்திருக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ரசிகரிடம் உறுதியான பதில் இருக்காது. மற்ற 31 அணிகளின் பட்டியல் நம் கையில் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை வைத்து மட்டும் ஒரு தேர்வைக் கண்டிக்காதீர்கள். தேவையைப் பார்க்காமல் மிகச் சிறந்தவரை எடுக்க வேண்டும் என்பவர்களும், தேவைக்கே முதலிடம் என்பவர்களும் எப்போதும் இருப்பார்கள். இருவர் மதிப்பில் பெரிய வேறுபாடு இருந்தால் சிறந்தவரையும், ஏறக்குறைய சமமாக இருந்தால் தேவையையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் நிலை.

எட்டாம் படி: தாளைப் பத்திரப்படுத்துங்கள்

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடும் பழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது இரண்டு பருவங்கள் ஆடிய பிறகு, அதே தாளை எடுத்து வேறு நிற மையால் திருத்துங்கள்.

என் தாளில் திருத்தம் நிறைய. பிராஞ்ச் தன் முதல் ஆட்டத்திலேயே கான்சஸ் சிட்டியில் எதிரணி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை இடைமறித்து 50 கெஜம் ஓடி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளிகள்) போட்டார்; அந்த ஆட்டத்தை லயன்ஸ் 21-20 என்று வென்றது. அவரை எடுக்க மூன்று இடம் முன்னேறுவதற்கு 48-ஆவது பிக்குடன் கொடுத்தது, ஒகுடாவுக்கு ஈடாக வந்த அந்த ஐந்தாம் சுற்று பிக்கைத்தான். லபோர்ட்டா 86 பந்துகளைப் பிடித்து, அறிமுகப் பருவத்து டைட் எண்டுகளில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். மாண்ட்கோமரி இருந்தும் கிப்ஸ் 945 கெஜம் ஓடினார். அந்தப் பருவத்தில் அணிக்கு 12 வெற்றிகள், 1993-க்குப் பிறகு முதல் பிரிவுப் பட்டம், ஸ்டாஃபோர்ட் எதிரணியில் நிற்க ராம்ஸுக்கு எதிராக 24-23 என்று ஒரு பிளேஆஃப் வெற்றி. மறுபுறம், 68-இல் எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரும் 96-இல் எடுத்த பிராட்ரிக் மார்ட்டினும் நிலைக்கவில்லை. அன்று மூன்றாம் சுற்றைப் பற்றி எங்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை என்பதையும் தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் கார்னர்பேக் வரிசையின் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. மோஸ்லி லயன்ஸுக்காகக் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே மீண்டும் முழங்கால் காயத்தால் பருவத்தை இழந்தார். பந்தெறி ஆட்டத்தைத் தடுப்பதில் அணி ஆண்டு முழுவதும் திணறியது. 2024 மார்ச்சில் சட்டனும் அணியில் இல்லை. அந்த ஏப்ரலில் டிராஃப்ட் டெட்ராய்ட் நகரிலேயே நடந்தது. 29, 73 ஆகிய பிக்குகளை டல்லஸுக்குக் கொடுத்து 24-க்கு முன்னேறி, கார்னர்பேக் டெரியன் ஆர்னால்டை எடுத்தார்கள். 61-இல் எனிஸ் ரேக்ஸ்ட்ரா, அவரும் கார்னர்பேக். அட்டவணைப்படி லயன்ஸ் கொடுத்தது 865 புள்ளிகள், பெற்ற 24-ஆவது பிக்கின் மதிப்பு 740. உடன் வந்த அடுத்த ஆண்டின் ஏழாம் சுற்று பிக்குக்குப் பெரிய மதிப்பில்லை. மீதமுள்ள 125 புள்ளிகளை, ஓராண்டு தள்ளிப்போட்ட தேவைக்குக் கட்டிய வட்டி என்று சிவப்பு வட்டத்தின் அருகே எழுதினேன்.