தோஹோக்கு இலையுதிர்காலம்: ரயில் பாஸை வைத்து ஐந்து நாள் மலைப் பயணம் போடுவது எப்படி?

ஜப்பான் முழுக்கச் செல்லுபடியாகும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸின் ஏழு நாள் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறியது. அதற்கப்புறம், ஒரு பக்கத்தை மட்டும் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அந்தந்த வட்டாரப் பாஸ்தான் கட்டுப்படியாகிறது. இலையுதிர்காலத்துக்கு என்னைக் கேட்டால், ஹோன்ஷு தீவின் வடகிழக்கில் இருக்கும் தோஹோக்குவைத்தான் சொல்வேன். கியோட்டோவில் இலை பார்க்கப் போனால் பாதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே உதவுவது ஜேஆர் ஈஸ்ட் பாஸ். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலும் இதில் அடக்கம். ஐந்து நாள் பாஸ் என்றால் தொடர்ச்சியாக ஐந்து நாள். நடுவில் ஒரு நாள் ரயில் ஏறாவிட்டாலும் அந்த நாள் கழிந்துவிடும். பலர் முதலில் பாஸை வாங்கிவிட்டு, பிறகு எங்கே போகலாம் என்று யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

படி 1: இலை எந்த வாரம் நிறம் மாறுகிறது?

நிறம் மேலிருந்து கீழே இறங்கும், வடக்கிலிருந்து தெற்கே வரும். அவோமோரிக்குப் பக்கத்தில் ஹக்கோடா மலையின் மேல்பகுதி அக்டோபர் முதல் பாதியிலேயே சிவந்துவிடும். ஒய்ராசே ஓடைப் பள்ளத்தாக்குக்கு அக்டோபர் கடைசி. நருகோ பள்ளத்தாக்கு, யமதேரா மலைக்கோயில், தடாமி ஆற்றங்கரை எல்லாம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. உச்சியையும் அடிவாரத்தையும் ஒரே வாரத்தில் நல்ல நிறத்தில் பார்ப்பது கஷ்டம். உச்சியை விட்டுவிட்டால் அக்டோபர் கடைசி வாரம் மீதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையும் நவம்பர் 3-ம் ஜப்பானில் அரசு விடுமுறை. அவற்றை ஒட்டிய நாட்களில் கூட்டம் அள்ளும்.

படி 2: அரிதாக ஓடும் ரயிலிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

இதுதான் முக்கியம். ஷின்கான்சென் ஒன்று போனால் இன்னொன்று வரும். மலை ரயில் அப்படியில்லை.

தடாமி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசு-வகமட்சுவிலிருந்து கோயிதே வரை 135 கிலோமீட்டர். 2011 ஜூலை மழையில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டு, நடுவில் ஒரு பகுதி பதினோரு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2022 அக்டோபர் 1 அன்றுதான் திறந்தார்கள். அந்த நடுப்பகுதியில் திசைக்கு ஒரு நாளைக்கு மூன்று ரயில்தான். நவம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், சாயங்கால ரயிலில் போனால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். ஆக, உங்களுக்குப் பயன்படுவது காலை ரயிலும் மதிய ரயிலும்தான்.

முதல்முறை போகிறவர்கள் கோயிதே வரை போகத் தேவையில்லை. ஐசு-மியாஷிதா வரை போய்த் திரும்பினாலே போதும். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் முதலாம் தடாமி ஆற்றுப் பாலம் அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது: பச்சைத் தண்ணீர், மேலே வளைந்த இரும்புப் பாலம், அதில் ஊர்ந்து போகும் இரண்டு பெட்டி. ரயிலுக்குள் இருந்தால் பாலம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. மிஷிமா ஊரில் சாலையோர ஓய்விடத்துக்குப் பின்னால் ஏறும் பாதையில் பி, சி, டி என்று காட்சித் தளங்கள் வைத்திருக்கிறார்கள். ஐசு-மியாஷிதாவில் இறங்கி டாக்ஸியிலோ ஊர்ப் பேருந்திலோ அங்கே போய், எதிர்த்திசை ரயில் வரும் நேரத்துக்கு மேலே நின்றுகொள்ளுங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மீதி நாளை அதைச் சுற்றி அமையுங்கள்.

சாப்பாட்டை ஐசு-வகமட்சுவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் பெரும்பாலான நிலையங்களில் கடை கிடையாது. சைவம் என்றால் ஊமெபோஷி (உப்பில் ஊறிய பிளம்) வைத்த சோற்று உருண்டை ஓரளவு பாதுகாப்பு, கிட்டத்தட்ட நம் ஊறுகாய்ச் சாதம் மாதிரி. மற்றவற்றில் மீன் சாறு கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பொருள் பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: ஐந்து நாளையும் அடுக்குங்கள்

ஒரு மாதிரித் திட்டம்:

- நாள் 1: டோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரி. ஹயாபுசா என்ற ஷின்கான்சென்னில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.
- நாள் 2: பேருந்தில் ஒய்ராசே. யகேயமாவிலிருந்து தொவாதா ஏரிக்கரையின் நெனோகுச்சி வரை 14 கிலோமீட்டர் நடைபாதை. இஷிகெதோவிலிருந்து தொடங்கினால் 9 கிலோமீட்டர்தான். அழகான பகுதியும் அதுவே.
- நாள் 3: தெற்கே ஃபுருகாவா வரை ஷின்கான்சென், அங்கிருந்து நருகோ-ஒன்சென். இரவு செண்டாய்.
- நாள் 4: காலையில் யமதேரா, ஆயிரத்துச் சொச்சம் படிக்கட்டு. ஹைக்கூ கவிஞர் பாஷோ 1689-ல் வந்து கவிதை எழுதிய இடம். மாலையில் கோரியாமா வழியாக ஐசு-வகமட்சு.
- நாள் 5: தடாமி. இரவு டோக்கியோ.

நருகோ பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளத்தாக்கைக் கடக்கும் ரயிலைப் படம் எடுக்கச் சொல்லும் பழைய பதிவுகள் நிறைய உண்டு. 2024 ஜூலை கனமழையில் நருகோ-ஒன்சென்னுக்கு மேற்கே பாதை சேதமாகி ரயில் நின்றது. கிளம்பும் முன் ஜேஆர் ஈஸ்ட் தளத்தில் பாதை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். பள்ளத்தாக்கையும் அதன் மேலே போகும் சாலைப் பாலத்தையும் பார்க்க ரயில் அவசியமில்லை.

படி 4: இப்போதுதான் கணக்கு

டோக்கியோ–ஷின்-அவோமோரி ஒரு வழிக்கே 17,000 யென்னுக்கு மேல். டோக்கியோ–செண்டாய் 11,000-க்கு மேல். ஆனால் செண்டாய்–யமதேரா ஆயிரம் யென்னுக்குள். புரிகிறதா? பாஸ் காசைத் திருப்பித் தருவது ஷின்கான்சென்னில்தான். மலை ரயில் எப்படியும் மலிவு. மேலே சொன்ன ஐந்து நாளைத் தனித்தனி டிக்கெட்டாகக் கூட்டினால் 45,000 யென்னைத் தாண்டிவிடும். 2023 அக்டோபரில் ஜேஆர் ஈஸ்ட் பாஸின் தோஹோக்கு வகைக்கு விலை 30,000 யென் ஆனது. விலையையும் எல்லையையும் அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் அன்றைய விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள், வரைபடத்தில் உங்கள் கடைசி நிலையம் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செண்டாய் போய் யமதேரா பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டும்தான் திட்டம் என்றால் பாஸ் வேண்டாம், நஷ்டம். பேருந்துகளுக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

படி 5: வாங்குவதும் இருக்கை பிடிப்பதும்

ஜேஆர் ஈஸ்ட் தளத்திலேயே வாங்கலாம். ஜப்பான் போனதும் பெரிய நிலையங்களில் பாஸ்போர்ட் படிக்கும் இயந்திரத்தில் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹயாபுசா, கொமாச்சி இரண்டிலும் எல்லா இருக்கையும் முன்பதிவுதான்; பாஸ் இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இலைக்கால வார இறுதிக்கு முன்கூட்டியே இணையத்தில் பிடித்துவிடுங்கள். அப்புறம், கோரியாமாவில் ஹயாபுசா நிற்காது, யமாபிகோ பாருங்கள்.

படி 6: சின்ன ரயிலில் ஏறுவது, இறங்குவது

கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காதீர்கள், பக்கத்தில் பொத்தான் இருக்கும். ஏறியதும் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி மூடிவிட வேண்டும். அந்தக் குளிரில் திறந்து போட்டால் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டுநர் மட்டுமே இருக்கும் ரயிலில், ஆளில்லாத நிலையம் வந்தால் முதல் பெட்டியின் முன்கதவு வழியாகத்தான் இறங்க முடியும். அதனால் ஒரு நிலையம் முன்னதாகவே முன்னால் நகர்ந்துவிடுங்கள். கதவருகே எண் சீட்டு தரும் இயந்திரம் இருக்கும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. இறங்கும்போது ஓட்டுநரிடம் பாஸை, தேதி தெரியும்படி, காட்டினால் போதும்.