பில்லில் ஒரு எழுத்து பிசகினால்: ஜிஎஸ்டி பில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்லில் தப்பு இருந்தால் அதிகாரி வந்து அபராதம் போடுவார் என்றுதான் நிறைய பேர் பயப்படுகிறார்கள். ஆனால் முதலில் வருவது சரக்கு வாங்கிய பார்ட்டியின் கணக்காளரிடமிருந்து ஒரு போன். "அண்ணே, உங்க பில் டூபி-யில வரலை. சரியாகுற வரைக்கும் பேமெண்ட்டை நிறுத்தி வெக்கச் சொல்லிட்டாங்க" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் வரி என்றால், வாங்கும்போது கட்டிய அந்த 18,000 ரூபாயை அவர் தன் வரியில் இன்புட்டாகக் கழித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்து, அந்த பில் அவருடைய ஜிஎஸ்டிஆர்-2பி என்கிற கொள்முதல் அறிக்கையில் (அதுதான் 'டூபி') தெரிந்தால்தான் சட்டப்படி கழிக்க முடியும். அச்சடித்த பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் தவறுக்கு அவர் கைக்காசு 18,000 முடங்குகிறது. பதிலுக்கு அவர் உங்கள் 1,18,000-ஐ முடக்குகிறார்.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில்தான். மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநில எண்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. இந்த வரிசை தெரிந்தாலே ஆங்கில எழுத்து 'ஓ'வும் பூஜ்யமும் இடம் மாறியிருப்பதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். பதினைந்தாவது இடம் சரிபார்ப்புக் குறி என்பதால், தட்டச்சில் வரும் பிழையைப் பெரும்பாலும் மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

மென்பொருள் பிடிக்காத தவறு ஒன்று உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்கு இரண்டு மாநிலத்திலும் தனித்தனி ஜிஎஸ்டி எண் இருக்கும். சென்னைக் கிளைக்குப் போட வேண்டிய பில்லைப் பழைய பதிவிலிருந்து எடுத்து பெங்களூர் எண்ணில் போட்டுவிட்டால், எண் சரியானது என்றே கணினி சொல்லும். இன்புட் மட்டும் வேறு மாநிலக் கணக்குக்குப் போய்விடும். வாடிக்கையாளர் பெயரைத் தட்டியதும் வருகிற முதல் வரியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பில் போடுகிற பையன்களிடம் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்து, எந்த வரி என்கிற குழப்பம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் பாதிப் பாதி. மாநிலம் தாண்டினால் இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி. கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி போய்விடலாம். நமக்கு அது பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம் மாதிரிதான். கடலூர்க்காரர் புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும்.

இதையே தலைகீழாகத் தப்பு செய்பவர்களும் உண்டு. சென்னை வியாபாரி கோயம்புத்தூர் கம்பெனியில் சரக்கு வாங்கி, "நேரா பெங்களூர்ல என் பார்ட்டிகிட்ட இறக்கிடுங்க" என்கிறார். லாரி பெங்களூர் போகிறதே என்று கோயம்புத்தூர்க்காரர் ஐஜிஎஸ்டி போட்டால் தவறு. அவரிடம் வாங்கியவர் சென்னைக்காரர், சரக்கை அங்கே அனுப்பச் சொன்னவரும் அவரே. அதனால் அவர் பேருக்குப் போடும் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான். பெங்களூர்க்காரருக்குச் சென்னை வியாபாரி போடும் பில்லில்தான் ஐஜிஎஸ்டி வரும். இப்படி வரி மாறிப்போனால் சரியான தலைப்பில் மறுபடி கட்ட வேண்டும். வட்டி கிடையாது, தப்பாகக் கட்டியதை இரண்டு வருடத்துக்குள் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது கைக்கு வரும்வரை ஒரே வரியை இரண்டு தடவை கட்டியவர் நீங்கள்தான்.

பில் எண் சின்ன விஷயம்போலத் தெரியும். 16 இடங்களுக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, இலக்கம், சாய்கோடு, சிறுகோடு மட்டும் வரலாம். ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது, வரிசையும் விடக்கூடாது.

2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டி விற்றுமுதல் செய்தவர்கள் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். போன வருடம் தாண்டினேன், இந்த வருடம் 3 கோடிதான் என்று விட்டுவிட முடியாது. அதாவது, பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து ஐஆர்என் என்கிற பதிவு எண் வாங்க வேண்டும்; அது வாங்காத பில், சட்டத்தின் கண்ணில் பில்லே இல்லை. தப்பாகப் பதிந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ரத்து செய்யலாம், ஆனால் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. நேரம் தாண்டினால், பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் வழி. 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் விதி.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. சில ஓட்டல் பில்களில் இதைப் பார்க்கலாம்: மேலே காம்போசிஷன் என்று இருக்கும், கீழே 5 சதவீதம் சேர்த்திருக்கும். வரி என்று சொல்லி வாங்கிய காசை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

அப்புறம், பில்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் 'எஸ்டிமேட்' சீட்டு. பில் இல்லாமல் சரக்கு அனுப்புவதும், சரக்கே இல்லாமல் பில் மட்டும் கொடுப்பதும் கைத்தவறு இல்லை, தெரிந்தே செய்வது. முதலாவதற்கு 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். மாநிலச் சட்டத்திலும் அதேபோல் தனியாக உண்டு. போலி பில்லில் வரித் தொகை 5 கோடியைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை சிறை.

நிஜமான கைத்தவறுக்குச் சட்டம் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. சரக்கோடு பில்லும், சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில்லும் கூடவே போகும்போது, ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாற்றம் என்றிருந்தால் சிஜிஎஸ்டியில் 500, எஸ்ஜிஎஸ்டியில் 500 என்று முடிக்கச் சொல்லி 2018-லேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. லாரியை மடக்கிவிட்டார்கள் என்று டிரைவர் போன் செய்யும்போது இது நினைவில் இருந்தால் நல்லது. ஏனென்றால் அதே நிறுத்தத்தில் பெரிய தவறு என்று முடிவானால், வரியைப்போல் இரண்டு மடங்கு கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

தப்பு நடந்தபின் பழைய பில்லைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் புதிதாக அடிக்காதீர்கள். தாக்கல் செய்தபின் ஜிஎஸ்டி எண்ணோ தேதியோ மாறியது தெரிந்தால், அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தலாம். தொகையையோ வரியையோ கூடுதலாகப் போட்டிருந்தால் கிரெடிட் நோட், குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட். திருத்தத்துக்கும் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டவும் கடைசி நாள், அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு சரி. வாங்கியவர் இன்புட் எடுப்பதற்கும் அதேதான் கெடு. டூபி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வருகிறது; பெரிய பார்ட்டி நாலைந்து பேருக்கு அன்றைக்கே நீங்களாக ஒரு போன் போட்டு, "நம்ம பில் எல்லாம் வந்திருச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.