சம்ப் நிறையத் தண்ணீர், தீக்குச் சொட்டு இல்லை: புதுக் கட்டடங்களில் நடக்கும் தவறுகள்

சென்னை கொளத்தூரில் ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) மேல் ஐந்து மாடி எழுப்பிய ஒருவர் போன மாதம் கேட்டார்: "சார், மாடியில பத்தாயிரம் லிட்டர் டேங்க் இருக்கு, தெருவுல மெட்ரோ வாட்டர் லைன் போகுது. அப்புறம் எதுக்கு தனியா ஹைட்ரண்ட்?" ஹைட்ரண்ட் என்பது தீயணைக்கும் ஹோஸை மாட்டுகிற குழாய் வாய். பைப் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இதே கேள்வியை ராயபுரத்திலும் கேட்டிருக்கிறேன், திருவொற்றியூரிலும் கேட்டிருக்கிறேன். குளிக்க வரும் தண்ணீரையும் தீயணைக்கும் தண்ணீரையும் ஒன்றாக நினைப்பதில்தான் மற்ற எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

மாடி டேங்க்கை எடுத்துக்கொள்வோம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வால்வைவிட டேங்க் நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே வருவது 0.4 பார். குளிக்கப் போதும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) ஹைட்ரண்ட் வாயில் கேட்பது குறைந்தது 3.5 பார். மொட்டை மாடியில் தனி பம்ப் வைக்காவிட்டால் அந்த டேங்க் தீக்கு உதவாது. எந்தத் தளத்தில் தண்ணீர் கொட்டினால் ஜோராக இருக்குமோ அந்தக் கீழ்த்தளத்தில் திறந்து காட்டிவிட்டு, "பாருங்க, எப்படி வருது!" என்பார்கள். மேல்மாடியில் திறந்து பாருங்கள்.

தெரு லைனை நம்புவது அதைவிட மோசம். நம் பக்கத்தில் குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது வீட்டுக்காரம்மாக்களுக்கு மனப்பாடம். தீ அந்த நேரம் பார்த்துப் பிடிப்பதில்லை. சரி, தீயணைப்பு வண்டி வருமே என்றால், ஒரு வண்டி கொண்டுவருவது 4,500 லிட்டர் வாக்கில். பெரிய கட்டடங்களில் வழக்கமாக வைக்கும் பம்ப் நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும். அந்த வேகத்தில் வண்டித் தண்ணீர் இரண்டு நிமிடம், 12,000 லிட்டர் தண்ணி லாரி ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 75,000 லிட்டர் சம்ப் (தரையடித் தொட்டி) இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேலே ஓடும். கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

உயரக் கணக்கிலும் குழப்பம் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019) 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம் என்கின்றன. தேசிய விதித்தொகுப்போ 15 மீட்டரிலேயே அப்படிக் கருதுகிறது. ஸ்டில்ட் ப்ளஸ் ஐந்து பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. "நம்மது ஹைரைஸ் இல்லை, ஒன்றும் தேவையில்லை" என்று டிசைனை முடித்துவிட்டு, தீயணைப்புத் துறையைப் பிற்பாடு பார்க்கப் போனால், தண்ணீரை மாடி மாடியாக மேலே கொண்டுபோகும் ரைசர் பைப்புக்கு ஷாஃப்ட் (அது ஏறிப்போகும் செங்குத்து வழி) இருக்காது. ஸ்லாபைக் குடைய வேண்டியதுதான்.

இப்போது சம்ப். அதிகத் தவறு நடக்கிற இடம் இது. விதி சொல்வது எளிமை: வருகிற தண்ணீர் முதலில் தீயணைப்பு சம்ப்பில் விழ வேண்டும், அது நிரம்பி வழிவதுதான் வீட்டு உபயோக சம்ப்புக்குப் போக வேண்டும். இப்படிச் செய்தால் தீத் தண்ணீர் தேங்கி நாறாது, குறையவும் குறையாது. நம் ஆட்கள் தலைகீழாகப் போடுவார்கள். முதலில் வீட்டு சம்ப், மிச்சம் தீக்கு. மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே!

2019 கோடையில் ஊரே தண்ணீருக்கு அலைந்தபோது ஒரு குடியிருப்புக்குக் கூப்பிட்டார்கள். சம்ப்புக்குள் இறங்கிப் பார்த்தேன். தீ சம்ப்புக்கும் வீட்டு சம்ப்புக்கும் நடுச்சுவரில், அடிமட்டத்தில், யாரோ ஒன்றரை அங்குலத்துக்கு ஓட்டை போட்டு பைப் செருகியிருந்தார்கள். தீத் தண்ணீர் முழுவதும் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை, அந்த வருஷம் அப்படி. ஆனாலும் அந்த ஓட்டையை அன்றைக்கே அடைத்தோம்.

போர்வெல் தண்ணீரால் தீ சம்ப்பை நிரப்புவது இன்னொன்று. கடலோரமாகப் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தினமும் ஓடாத பைப்பில் அது வருஷக்கணக்கில் நின்றால் உள்ளே துரு செதில் செதிலாக உதிரும். பம்ப் ஓடுகிற முதல் நாளிலேயே ஹோஸ் முனையில் உள்ள நாசில் அடைத்துக்கொள்ளும். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ நிரப்புங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லைனை ஃப்ளஷ் செய்யுங்கள்.

பம்ப் அறையைத் தரைக்குக் கீழே வைப்பதற்கு நியாயம் உண்டு. சம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால் தண்ணீர் தானாக உள்ளே வரும். மேலே வைத்தால் தண்ணீரை உறிஞ்சி எடுக்க ஃபுட் வால்வ், ப்ரைமிங் டேங்க் என்று தொல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்று நமக்குத் தெரியும். டீசல் பம்ப்பின் பேட்டரியும் பேனலும் முங்கினால் அந்த இன்ஜின் வெறும் இரும்பு. சம்ப்பின் ஒரு பகுதியைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டினால் பம்பையும் மேலே கொண்டுவரலாம். கொஞ்சம் செலவு, கொஞ்சம் பார்க்கிங் இடம் போகும். பில்டர் முகம் சுளிப்பார்.

சம்ப் மூடி வண்டிப் பாதையில் வந்தால் அந்த ஸ்லாப் 45 டன் தாங்க வேண்டும். வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி தண்ணீர் செலுத்தும் 63 மில்லிமீட்டர் வாய்களுக்கு முன்னால் காரோ பூந்தொட்டியோ நிற்கக் கூடாது.

கடைசியாக, ஹோஸ் பாக்ஸ், அதாவது மாடிதோறும் தீயணைக்கும் ஹோஸ் வைக்கும் பெட்டி. தண்டையார்பேட்டையில் புதுசாகக் குடியேறிய ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பெட்டியைத் திறந்தேன். துடைப்பம் இருந்தது, ஹோஸ் இருந்தது, கன்மெட்டல் (செம்பு கலந்த உலோகம்) நாசில் இல்லை. காயலான் கடையில் எடைக்குப் போயிருக்கும். எல்லா மாடியிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிப் போட்டோம், கன்மெட்டல் அளவுக்கு அதை எடைக்கு யாரும் தேடி வருவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் உடைக்கக் கூடிய கண்ணாடி, உள்ளே எத்தனை பொருள் என்று எழுதிய சீட்டு. துடைப்பம் மட்டும் அடுத்த வாரமும் அங்கேயே இருந்தது.