தகரக் கொட்டகைக்கு வாட்டம் எவ்வளவு?

காரைக்குடியில் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் ஷீட்டின் நிறத்தைக் கேட்பார்கள். நான் வாட்டத்தை, அதாவது கூரையின் சரிவைக் கேட்பேன். நெளி ஷீட்டுக்கு அடிக்கு 3 அங்குலம் இறக்கம். 12 அடி அகலத்துக்கு 3 அடி. "அவ்வளவு சரிவா தம்பி?" என்றால், "உங்க வீட்டு முற்றத்து வளவு ஓடு இதைவிடச் சரிவு ஆச்சி" என்பேன். குறைத்தால் ஐப்பசி மழை இணைப்பில் புகுந்துவிடும்.

மேல்ஷீட் கீழ்ஷீட்டின்மேல் 6 அங்குலம் ஏறட்டும், பக்கவாட்டில் ஒன்றரை நெளி. வாடைக்காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து அடுக்குங்கள்; இணைப்பின் வாய் காற்றைப் பார்க்காது.

ஸ்க்ரூ மேட்டில்தான், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள், பிதுங்கினால் வெயிலில் வெடிக்கும். ஓரங்களில் நெருக்கி அடியுங்கள், காற்று தூக்குவது அங்கேதான். துளையிடும்போது விழும் இரும்புத்தூளை அன்றே பெருக்கிவிடுங்கள். கிடந்தால் ஷீட்டில் துருப்புள்ளி விழும்.