கையெழுத்தான சட்டமும் அமலுக்கு வந்த சட்டமும்: என் அனுபவம்

2024 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் வீடு மாற்றத் தயாரானேன். புது வீட்டு உரிமையாளர் இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்டார். "ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, ஆளுநர் அக்டோபரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாரே" என்று வாதாடினேன். அவர் அசையவில்லை.

அன்றிரவு ஏபி 12 (சட்டமன்ற மசோதா எண் 12) என்ற அந்தச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் தேடி, முழுதாகப் படித்தேன். தவறு என்னுடையதுதான். கையெழுத்தானது 2023 அக்டோபர் 11. ஆனால் டெபாசிட் வரம்பு 2024 ஜூலை 1 முதல்தான் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தது.

கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தொடரில் நிறைவேறும் சாதாரணச் சட்டங்கள் பெரும்பாலும் அடுத்த ஜனவரி 1 அன்று அமலுக்கு வரும். அவசரமாகத் தேவைப்படும் சட்டம் என்று அதிலேயே குறிப்பிட்டு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறினால் உடனே. ஆனால் சட்டம் அமலுக்கு வரும் நாள் வேறு, அதன் ஒரு பிரிவு செயல்படத் தொடங்கும் நாள் வேறாக இருக்கலாம். நான் கோட்டைவிட்டது இங்கேதான். செய்தித் தலைப்பில் இதெல்லாம் வராது.

அப்புறம் உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய வீட்டிலேயே மாதாமாதம் நீட்டித்துக்கொண்டு, ஜூலையில் வேறொரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டேன். சிறு உரிமையாளர்கள் சிலர் இரண்டு மாதம் வாங்க விலக்கு இருப்பதால் அதையும் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். இந்த வீட்டின் உரிமையாளருக்கு அது பொருந்தவில்லை. ஒரு மாத டெபாசிட்டோடு சாவி கைக்கு வந்தது.